இந்தியாவில் தொலைபேசி ஒட்டுக்கேட்பு

இந்தியாவில் தொலைபேசி ஒட்டுக்கேட்பு என்பது, தொலைபேசி வழியாக இருவர் நிகழ்த்தும் உரையாடலை அவர்கள் அறியாவண்ணம் மூன்றாம் தரப்பினர் கேட்பதையும் பதிவு செய்வதையும், அச்செயலை ஒழுங்குபடுத்தும் சட்ட முறைமையையும் குறிக்கும். இந்தியச் சட்டத்தின்படி தனியார் எவரும் பிறருடைய உரையாடலை இடைமறித்துக் கேட்பது தண்டனைக்குரிய குற்றமாகும். நடுவண் அரசும் மாநில அரசுகளும் மட்டும், சட்டம் வகுத்துள்ள சூழ்நிலைகளில், எழுத்து வடிவிலான ஆணையின் பேரில் உரையாடல்களை இடைமறிக்கலாம். இவ்வதிகாரம் 1885 ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தில் இருந்து தொடங்கி, 2023 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வரை தொடர்கிறது.

இந்திய முறைமையில் ஒட்டுக்கேட்பதற்கான ஆணையை நீதிபதி பிறப்பிப்பதில்லை. அரசின் உள்துறைச் செயலாளரே பிறப்பிக்கிறார். அவ்வாணையை மீளாய்வு செய்யும் குழுவும் அரசுச் செயலாளர்களையே கொண்டது. ஒட்டுக்கேட்கப்பட்டவருக்கு அது பற்றி அறிவிக்கப்படுவதும் இல்லை. இம்மூன்று இயல்புகளும் அந்தரங்க உரிமை தொடர்பான விவாதங்களுக்கு அடிப்படையாக விளங்குகின்றன.

சொற்பொருள்

ஒட்டுக்கேட்டல் என்னும் சொல், ஒளிந்து நின்று பிறர் பேச்சைக் கேட்பதைக் குறிக்கும் பழைய வழக்காகும். தொலைபேசி பரவிய பின்னர், கம்பி வழியே செல்லும் உரையாடலை இரகசியமாகக் கேட்பதற்கும் இச்சொல்லே வழங்கலாயிற்று. சட்ட ஆவணங்களில் "இடைமறித்தல்" என்னும் சொல் கையாளப்படுகிறது. இது பேச்சை மட்டுமன்றி, குறுஞ்செய்தி, மின்னஞ்சல், தரவு ஆகியவற்றை வழியில் கைப்பற்றுவதையும் உள்ளடக்கும்.

ஒருவர் யாருடன், எப்போது, எவ்வளவு நேரம் பேசினார் என்ற அழைப்பு விவரப் பட்டியலைப் பெறுவது ஒட்டுக்கேட்பில் இருந்து வேறுபட்டதாகும். அப்பட்டியலில் பேச்சின் உள்ளடக்கம் இருப்பதில்லை.

தொழினுட்பம்

தொடக்ககாலத் தொலைபேசி இணைப்பகங்களில் ஒவ்வோர் அழைப்பையும் இயக்குநர் ஒருவர் கையால் இணைத்தார். அவர் விரும்பினால் எந்த உரையாடலையும் கேட்க இயன்றது. தானியங்கி இணைப்பகங்கள் வந்த பின்னர், இணைப்பகத்தில் இருந்து வீட்டுக்குச் செல்லும் செப்புக் கம்பி இணையுடன் மற்றொரு கம்பியைப் பக்க இணைப்பாகச் சேர்த்து ஒட்டுக்கேட்கும் முறை பரவலாயிற்று. இத்தகைய இணைப்புகள் மின்னழுத்தத்தைச் சற்றே மாற்றுவதால், சில வேளைகளில் இரைச்சல் கேட்பதுண்டு.

எண்மிய இணைப்பகங்களிலும் செல்லிடபேசி வலையமைப்புகளிலும் உரையாடல் தரவாகவே பயணிக்கிறது. உரிய ஆணை கிடைத்ததும் சேவை வழங்குநர் குறிப்பிட்ட எண்ணைத் தம் கணினி அமைப்பில் பதிவு செய்வார். அதன்பின் அந்த எண்ணின் ஒவ்வோர் அழைப்பும் படியெடுக்கப்பட்டு, விசாரணை அமைப்பின் கண்காணிப்பு மையத்துக்கு அனுப்பப்படும். இம்முறையில் இரைச்சலோ தடங்கலோ ஏற்படுவதில்லை. ஆதலால், பேசும்போது "டக்" என்னும் ஒலி கேட்டால் ஒட்டுக்கேட்கிறார்கள் என்று பொருள் கொள்ளும் பரவலான நம்பிக்கை இன்றைய வலையமைப்புகளுக்குப் பொருந்தாது.

சி-டாட் நிறுவனம் உருவாக்கிய மையக் கண்காணிப்பு அமைப்பு, சேவை வழங்குநரின் அலுவலர்களை ஒவ்வொரு முறையும் நாடாமல், அரசு அமைப்புகள் நேரடியாகவே இடைமறிக்க வழி செய்கிறது. இவை தவிர, செல்லிடபேசிக் கோபுரம் போல் நடித்து அருகிலுள்ள கைபேசிகளைத் தன்னுடன் இணையச் செய்யும் நடமாடும் கருவிகளும் உள்ளன.

வாட்சப், சிக்னல் போன்ற செயலிகள் முனைக்கு முனை மறையாக்கத்தைப் பயன்படுத்துகின்றன. இவற்றின் வழியே செல்லும் பேச்சை நடுவில் கைப்பற்றினாலும் பொருள் விளங்காது. ஆகையால், கைபேசிக்குள்ளேயே உளவு மென்பொருளைப் புகுத்தி, மறையாக்கம் நிகழ்வதற்கு முன்னரே பேச்சையும் எழுத்தையும் கவரும் முறை தோன்றியது.

சட்ட வரலாறு

1885 ஆம் ஆண்டின் தந்திச் சட்டம்

1882 இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி இணைப்பகங்கள் செயல்படத் தொடங்கின. மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், பிரித்தானிய அரசு இந்தியத் தந்திச் சட்டத்தை இயற்றியது. இச்சட்டத்தில் "தந்தி" என்பதற்கான வரைவிலக்கணம் தொலைபேசியையும் உள்ளடக்கும் வகையில் அமைந்தது. அதன் 5 ஆம் பிரிவு, பொது நெருக்கடி ஏற்படும்போது அல்லது பொதுப் பாதுகாப்பின் பொருட்டு, செய்திகளை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. ஆணையின்றிச் செய்திகளை இடைமறிக்கும் தந்தி அலுவலருக்கும், அந்நோக்கில் கம்பிகளைச் சேதப்படுத்துவோருக்கும் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கவும் இச்சட்டம் இடமளித்தது.

1972 ஆம் ஆண்டின் திருத்தம்

விடுதலைக்குப் பின்னரும் இச்சட்டம் நடைமுறையில் இருந்தது. 1972 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஒட்டுக்கேட்பதற்கு இரண்டு படிகள் நிறைவேற வேண்டும். முதற்படியாக, பொது நெருக்கடி நிலவ வேண்டும் அல்லது பொதுப் பாதுகாப்பு அதனை வேண்ட வேண்டும். இரண்டாம் படியாக, பின்வரும் காரணங்களுள் ஒன்று இருக்க வேண்டும்:

- இந்தியாவின் இறையாண்மை, ஒருமைப்பாடு
- நாட்டின் பாதுகாப்பு
- அயல்நாடுகளுடனான நட்புறவு
- பொது ஒழுங்கு
- குற்றம் புரியத் தூண்டுவதைத் தடுத்தல்

காரணத்தை எழுத்தில் பதிவு செய்வதும் கட்டாயமாகும். குற்றத்தைக் கண்டுபிடித்தல் அல்லது வரி ஏய்ப்பைத் தடுத்தல் என்பன இப்பட்டியலில் இடம்பெறவில்லை. இந்த இடைவெளியே பிற்கால வழக்குகள் பலவற்றின் மையப் பொருளாயிற்று.

முறைகேடான இடைமறிப்பைத் தடுக்க விதிகள் இயற்றும் அதிகாரத்தை இச்சட்டத்தின் 7 ஆம் பிரிவு நடுவண் அரசுக்கு வழங்கியிருந்தது. ஆயினும் 1996 வரை அத்தகைய விதிகள் எவையும் இயற்றப்படவில்லை.

அரசியல் நிகழ்வுகளும் புலனாய்வு அறிக்கையும்

1980களில் ஒட்டுக்கேட்பு பெரும் அரசியல் சிக்கலாக உருவெடுத்தது. கருநாடக முதலமைச்சர் இராமகிருஷ்ண ஹெக்டே, அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டை அடுத்து 1988 ஆகத்து மாதத்தில் பதவி விலகினார்.

அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டமை குறித்து நடுவண் புலனாய்வுச் செயலகம் (சிபிஐ) அளித்த அறிக்கை, 1991 மார்ச்சு மாதத்தில் "மெயின்ஸ்ட்ரீம்" இதழில் வெளியானது. தில்லி, மும்பை நகரங்களின் தொலைபேசிச் சேவையை நடத்திய மகாநகர் தொலைபேசி நிறுவனத்தின் ஆவணங்களில் இருந்த குறைபாடுகளை அவ்வறிக்கை பட்டியலிட்டது. 133 நேர்வுகளில், அனுமதிக்கப்பட்ட காலம் முடிந்த பின்னரும் ஒட்டுக்கேட்பு தொடர்ந்தது. உரிய அதிகாரிகளின் சார்பில் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டதால் நல்லெண்ணத்துடன் அவ்வாறு செய்ததாக நிறுவனம் விளக்கம் அளித்தது. 111 நேர்வுகளில், அரசின் அனுமதியின்றி 180 நாள்களுக்கு மேல் உரையாடல்கள் கேட்கப்பட்டன. நான்கு எண்களுக்கு அனுமதி ஆணையே காட்டப்படவில்லை.

1996 ஆம் ஆண்டின் தீர்ப்பு

இவ்வறிக்கையை அடிப்படையாகக் கொண்டு மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தது. நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது ஆகியோர் 1996 திசம்பர் 18 அன்று தீர்ப்பு வழங்கினர்.

வீட்டிலோ அலுவலகத்திலோ குறுக்கீடின்றித் தொலைபேசியில் பேசும் உரிமை அந்தரங்க உரிமையின் ஒரு பகுதி என்றும், அரசியலமைப்பின் 21 ஆம் பிரிவு அதனைக் காக்கிறது என்றும் நீதிமன்றம் கூறியது. பேசுவது கருத்து வெளிப்பாடும் ஆதலால், 19 ஆம் பிரிவும் இதற்குப் பொருந்தும். பொது நெருக்கடியும் பொதுப் பாதுகாப்பும் இரகசியமான நிலைமைகள் அல்ல. அவை நிலவுவது சாதாரண மனிதருக்கும் புலப்பட வேண்டும் என்பது இத்தீர்ப்பின் முக்கியக் கூறாகும். அவ்விரண்டும் இல்லாதபோது, ஏனைய காரணங்கள் இருந்தாலும் ஒட்டுக்கேட்க இயலாது.

5 ஆம் பிரிவை நீக்க மறுத்த நீதிமன்றம், அரசு விதிகள் இயற்றும் வரை பின்பற்றுவதற்கென நெறிமுறைகளை வகுத்தது. அவற்றுள் முதன்மையானவை:

- ஆணையை நடுவண் அல்லது மாநில உள்துறைச் செயலாளரே பிறப்பிக்க வேண்டும். அவசர வேளைகளில் இணைச் செயலாளர் நிலைக்குக் குறையாத அலுவலர் பிறப்பிக்கலாம்.
- தேவையான தகவலை வேறு வழியில் பெற இயலுமா என்று முதலில் ஆராய வேண்டும்.
- ஆணை இரண்டு மாதங்கள் செல்லுபடியாகும். நீட்டித்தாலும் மொத்தக் காலம் ஆறு மாதங்களைத் தாண்டலாகாது.
- ஆணையின் படியை ஒரு வாரத்துக்குள் மீளாய்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும்.
- தேவை முடிந்ததும் பதிவின் படிகளை அழித்துவிட வேண்டும்.

ஒட்டுக்கேட்பதற்கு முன்னர் நீதிபதியின் அனுமதியைப் பெற வேண்டும் என்ற கோரிக்கையும் முன்வைக்கப்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று கூறி நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை.

விதி 419அ

நீதிமன்றத்தின் நெறிமுறைகள் 1999 இல் தந்தி விதிகளில் 419அ என்னும் விதியாகச் சேர்க்கப்பட்டன. 2007 இல் இவ்விதி விரிவாகத் திருத்தி எழுதப்பட்டது. ஆணையின் காலம் 60 நாள்கள் எனவும், உச்ச வரம்பு 180 நாள்கள் எனவும் வரையறுக்கப்பட்டன. நடுவண் அரசின் மீளாய்வுக் குழுவில் அமைச்சரவைச் செயலாளர், சட்டச் செயலாளர், தொலைத்தொடர்புச் செயலாளர் ஆகியோர் இடம்பெற்றனர். மாநிலங்களில் தலைமைச் செயலாளர் குழுவின் தலைவரானார். குழு இரண்டு மாதங்களுக்கு ஒரு முறையேனும் கூட வேண்டும்.

தகவல் தொழினுட்பச் சட்டம்

கணினி வழிச் செய்திகளை இடைமறிப்பதற்குத் தகவல் தொழினுட்பச் சட்டம், 2000 இன் 69 ஆம் பிரிவு வழிவகுக்கிறது. 2008 இல் திருத்தப்பட்ட இப்பிரிவில், பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்னும் முன்நிபந்தனை இல்லை. குற்றப் புலனாய்வும் காரணங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. ஆகவே, ஒரே செய்தி தொலைபேசிப் பேச்சாகச் சென்றால் ஓர் அளவுகோலும், மின்னஞ்சலாகச் சென்றால் அதனினும் தளர்ந்த அளவுகோலும் பொருந்தும் நிலை உருவானது. 2018 திசம்பர் 20 அன்று நடுவண் உள்துறை அமைச்சு, இப்பிரிவின் கீழ் செயல்படப் பத்து அமைப்புகளுக்கு அதிகாரம் அளித்தது.

சர்ச்சைக்குள்ளான நிகழ்வுகள்

அமர் சிங் வழக்கு: சமாஜ்வாதி கட்சித் தலைவர்களுள் ஒருவரான அமர் சிங்கின் தொலைபேசி, போலி ஆணைக் கடிதத்தின் பேரில் ஒட்டுக்கேட்கப்பட்டது 2005 ஆம் ஆண்டின் இறுதியில் தெரியவந்தது. 2011 இல் உச்ச நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆயினும், மொழிப்பிழைகள் மலிந்த அக்கடிதத்தைச் சேவை வழங்குநர் ஐயுறாமல் ஏற்றதை அது கண்டித்தது. ஆணையின் உண்மைத்தன்மையைச் சரிபார்ப்பது சேவை வழங்குநரின் கடமை என்பது இதனால் நிலைபெற்றது.

ராடியா ஒலிப்பதிவுகள்: வருமான வரித்துறை 2008, 2009 ஆம் ஆண்டுகளில் உள்துறையின் ஆணை பெற்று, மக்கள் தொடர்பாளர் நீரா ராடியாவின் உரையாடல்களைப் பதிவு செய்தது. அவற்றின் ஒரு பகுதியை "ஓப்பன்", "அவுட்லுக்" இதழ்கள் 2010 நவம்பரில் வெளியிட்டன. அரசியல்வாதிகள், தொழிலதிபர்கள், இதழாளர்கள் ஆகியோரின் பேச்சுகள் அவற்றில் இருந்தன. பொதுநலன் கருதி இவை வெளிவந்தது சரியே என ஒரு சாரார் வாதிட்டனர். விசாரணைக்காகப் பதிவானவை வெளியே கசிந்தது அந்தரங்க உரிமைக்கு எதிரானது எனத் தொழிலதிபர் இரத்தன் டாட்டா உச்ச நீதிமன்றத்தை நாடினார்.

பெகசஸ்: இசுரேலின் என்.எஸ்.ஓ. குழுமம் உருவாக்கிய பெகசஸ் என்னும் உளவு மென்பொருள் இந்திய இதழாளர்கள், எதிர்க்கட்சித் தலைவர்கள் உள்ளிட்டோரின் கைபேசிகளைக் குறிவைத்ததாக 2021 சூலையில் பன்னாட்டு ஊடகங்கள் செய்தி வெளியிட்டன. 2021 அக்டோபர் 27 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வு பெற்ற நீதிபதி ஆர். வி. இரவீந்திரன் மேற்பார்வையில் தொழினுட்பக் குழுவொன்றை அமைத்தது. ஆய்வு செய்யப்பட்ட 29 கைபேசிகளுள் ஐந்தில் தீங்கு மென்பொருள் காணப்பட்டது என்றும், அது பெகசஸ்தான் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்றும் 2022 ஆகத்து மாதத்தில் தெரிவிக்கப்பட்டது. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு கூறியதாகவும் நீதிமன்றம் குறிப்பிட்டது.

அண்மைக்காலத் தீர்ப்புகள்

2017 ஆகத்து 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்க உரிமை ஓர் அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அரசின் குறுக்கீடு சட்டப்படி அமைய வேண்டும், முறையான நோக்கம் கொண்டிருக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சாததாக இருக்க வேண்டும் என்னும் அளவுகோல்கள் இதனால் வலுப்பெற்றன. இதனைப் பின்பற்றி, 2019 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம், கையூட்டு வழக்கொன்றில் பிறப்பிக்கப்பட்ட மூன்று ஒட்டுக்கேட்பு ஆணைகளை இரத்து செய்து, பதிவுகளை அழிக்குமாறு கட்டளையிட்டது.

2025 இல் இரண்டு உயர் நீதிமன்றங்கள் மாறுபட்ட நிலைப்பாடுகளை எடுத்தன. பெருமளவிலான ஊழல் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்கக்கூடியது என்று கூறி, சூன் மாத இறுதியில் தில்லி உயர் நீதிமன்றம் ஓர் ஒட்டுக்கேட்பை ஏற்றது. ஒரு சில நாள்களுக்குள், சூலை 2 அன்று, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ந. ஆனந்த் வெங்கடேஷ் எதிர்நிலையில் தீர்ப்பளித்தார். வருமான வரி அலுவலர் ஒருவருக்கு 50 இலட்சம் ரூபாய் கையூட்டு அளிக்க முயன்றதாகக் கூறப்பட்ட வழக்கில், சென்னை நிறுவனம் ஒன்றின் நிர்வாக இயக்குநரது தொலைபேசியை ஒட்டுக்கேட்க 2011 இல் நடுவண் உள்துறை ஆணையிட்டிருந்தது. குற்றத்தைக் கண்டுபிடிப்பது பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ ஆகாது என்றும், பதிவுகள் உரிய காலத்துக்குள் மீளாய்வுக் குழுவின் முன் வைக்கப்படவில்லை என்றும் கூறி, அவ்வாணையை நீதிபதி இரத்து செய்தார்.

தொலைத்தொடர்புச் சட்டம், 2023

இடைமறிப்பு அதிகாரம் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20 ஆம் பிரிவில் இடம்பெற்றது. இப்பிரிவு 2024 சூன் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்னும் முன்நிபந்தனைகள் தொடர்கின்றன. பேரிடர் மேலாண்மையும் பொது நெருக்கடியுள் அடக்கப்பட்டது. "செய்தி" என்பது ஒலி, எழுத்து, படிமம், நிகழ்படம், தரவோட்டம் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கும். சட்டவிரோதமாக இடைமறிப்போருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டு கோடி ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2024 திசம்பர் 6 அன்று அறிவிக்கப்பட்ட விதிகள், 419அ விதிக்கு மாற்றாக அமைந்தன. உள்துறைச் செயலாளரின் ஆணை, அரசுச் செயலாளர்களின் மீளாய்வு என்னும் அடிப்படை அமைப்பு மாறவில்லை.

நீதிமன்றத்தில் சான்றாக ஏற்றல்

உரையாடுவோருள் ஒருவரின் இசைவுடன் செய்யப்படும் பதிவு ஒட்டுக்கேட்பு ஆகாது என உச்ச நீதிமன்றம் 1972 இல் மல்கானி வழக்கில் தீர்ப்பளித்தது. சான்று எம்முறையில் பெறப்பட்டது என்பதைவிட, அது வழக்குக்குப் பொருத்தமானதா என்பதையே இந்திய நீதிமன்றங்கள் பெரிதும் நோக்கி வந்துள்ளன. 2005 இல் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில், ஒட்டுக்கேட்பு நடைமுறையில் குறை இருந்தாலும் பதிவைச் சான்றாக ஏற்கலாம் என உச்ச நீதிமன்றம் கூறியது. மாறாக, மேற்குறித்த மும்பை, சென்னைத் தீர்ப்புகள், அடிப்படை உரிமையை மீறிப் பெற்ற பதிவுகளைப் பயன்படுத்தலாகாது என்கின்றன.

கணவன் மனைவியரிடையே நிகழும் இரகசியப் பதிவுகள் தனி வகையின. மணமுறிவு வழக்குகளில் இத்தகைய பதிவுகளைச் சான்றாக ஏற்கலாம் என உச்ச நீதிமன்றம் 2025 சூலை 14 அன்று தீர்ப்பளித்தது.

விமர்சனங்கள்

2018 இல் அறிக்கை அளித்த நீதிபதி பி. என். ஸ்ரீகிருஷ்ணா குழு, நடுவண் மீளாய்வுக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 வரையான ஆணைகளை ஆராய வேண்டியிருப்பதாகவும், இது நடைமுறைக்கு ஒவ்வாதது என்றும் சுட்டிக்காட்டியது. ஒரு கூட்டம் எட்டு மணி நேரம் நடைபெறுவதாகக் கொண்டாலும், நிமிடத்துக்கு முப்பதுக்கும் மேற்பட்ட ஆணைகளைப் பார்க்க வேண்டியிருக்கும். இவ்வேகத்தில் ஒவ்வோர் ஆணையின் காரணத்தையும் ஆராய்வது இயலாததாகும்.

ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குத் தகவல் தெரிவிக்கும் ஏற்பாடு இல்லாமை மற்றொரு குறையாகக் கூறப்படுகிறது. தவறான ஆணையை எதிர்த்து வழக்குத் தொடர, அவ்வாணை இருப்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். பதிவு நீதிமன்றத்தில் சான்றாக வைக்கப்படும்போதோ, வெளியே கசியும்போதோ மட்டுமே உரியவர் அதனை அறிய நேர்கிறது. குற்றம் எதுவும் செய்யாதவருடைய உரையாடல் நீதிமன்றத்துக்கு வருவதில்லை. ஆதலால், முறைகேடாக ஒட்டுக்கேட்கப்பட்ட அப்பாவிகளே அதனை அறியும் வாய்ப்புக் குறைந்தவர்கள் ஆவர். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இவ்விவரங்களைப் பெற இயலாது எனத் தில்லி உயர் நீதிமன்றம் 2023 திசம்பரில் தீர்ப்பளித்தது.

பயங்கரவாதம், ஆட்கடத்தல் போன்ற குற்றங்களில் விரைந்து செயல்பட வேண்டியிருப்பதாலும், முன்கூட்டியே அறிவித்தால் நோக்கமே கெடும் என்பதாலும், இப்போதைய முறை தேவையானது என்பது அரசுத் தரப்பின் வாதமாகும்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில், 1967 இல் கேட்ஸ் வழக்கில் வழங்கப்பட்ட தீர்ப்புக்குப் பின்னர், 1968 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, குற்றப் புலனாய்வுக்கான ஒட்டுக்கேட்புக்கு நீதிபதியின் ஆணை தேவை. ஒட்டுக்கேட்பு முடிந்த 90 நாள்களுக்குள் உரியவருக்கு அறிவிப்பது பொது விதியாகும். நீதிபதி அதனைத் தள்ளிவைக்கலாம். ஐக்கிய இராச்சியத்தில் 2016 ஆம் ஆண்டின் சட்டம் "இரட்டைப் பூட்டு" முறையைக் கொண்டுவந்தது. அதன்படி அமைச்சர் ஒப்பமிட்ட ஆணையை நீதித்துறை ஆணையர் ஒருவரும் ஏற்றால்தான் அது செல்லுபடியாகும்.

இவற்றையும் பார்க்க

- அந்தரங்க உரிமை
- இந்திய அரசியலமைப்பு
- தகவல் அறியும் உரிமைச் சட்டம்
- மறையாக்கம்
- உளவு மென்பொருள்